பீங்கானில் பிறக்கும் மின்சாரம்



பரிசளிப்பு விழா மலரில் சரித்திரக் கட்டுரை என்றால் கடாரத்தையும் மலாக்காவையும் பற்றித்தான் இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். இந்த முறை ஒரு பீங்கான் துண்டின் சரித்திரத்தைச் சொல்லப் போகிறேன். சிரிக்க வேண்டாம். நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டிய சரித்திரம் அது. அதில் பெரும்பகுதி, அந்தப் பீங்கானைச் சுற்றியுள்ள தீயைக் கொஞ்சம் தணிக்க முடியாதா என்று நாலைந்து நாட்டு விஞ்ஞானிகள் மண்டையைக் குடைந்துகொண்ட கதை.

இது நமக்கு எதற்கு? பழைய லயத்து வாழ்க்கை தெரிந்த தாத்தா பாட்டிகளைக் கேளுங்கள். பல தோட்டங்களில் பொழுது சாய்ந்ததும் மின்சார இஞ்சின் 'டக டக' என்று ஓட ஆரம்பிக்கும். இராத்திரி குறித்த நேரத்தில் நின்றுவிடும். அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்த இஞ்சின் ஊற்றின டீசலில் மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக்கினாலே பெரிய காரியம். மீதி எல்லாம் சூடாகவும், சத்தமாகவும், புகையாகவும் காற்றோடு போய்விடும். காசு கொடுத்து வாங்கின எண்ணெயில் பெரும்பாகம் வீண்!

இந்த வயிற்றெரிச்சல் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜெர்மன் இரசாயன விஞ்ஞானி வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் 1894-ஆம் ஆண்டிலேயே இதைப் பேசினார். நிலக்கரியை எரித்து, நீராவி எழுப்பி, சக்கரத்தைச் சுற்றி, அதிலிருந்து மின்சாரம் எடுப்பது பெரிய விரயம்; எரிபொருளிலிருந்து நேராக மின்சாரம் எடுக்க ஒரு வழி காண வேண்டும் என்பது அவருடைய வாதம்.

வழி ஒன்று இருப்பது அதற்கு முன்பே தெரியும். வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த வில்லியம் குரோவ் என்பவர் தொழிலால் வக்கீல், பிற்காலத்தில் நீதிபதியானார். தண்ணீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் அது ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள் அல்லவா? குரோவ் 1839-இல் அதைத் தலைகீழாகச் செய்தார். அமிலத்தில் நிற்கும் பிளாட்டினத் தகடுகளுக்கு அந்த இரண்டு வாயுக்களையும் கொடுத்தார். மின்சாரம் வந்தது. தீயும் இல்லை, சக்கரமும் இல்லை. இதைத்தான் இன்று எரிபொருள் கலம் என்கிறோம். ஆனால் பிளாட்டினம் விற்கிற விலையில் அதை வைத்து ஊருக்கு விளக்கேற்ற முடியுமா?

இனி பீங்கானுக்கு வருவோம். இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஜெர்மனியில் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் இருந்தார். 1890-களின் கடைசியில் அவர் ஒரு புதுவிதமான விளக்கைக் கண்டுபிடித்தார். அப்போது எடிசனின் பல்பில் கரி இழைதான் இருந்தது. காற்றுப் பட்டால் கரி எரிந்துவிடும். அதனால் பல்புக்குள் காற்றை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். நெர்ன்ஸ்ட் என்ன செய்தார்? சிர்க்கோனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடை எடுத்து, அதில் இட்ரியம் ஆக்சைடைக் கொஞ்சம் சேர்த்து, மெல்லிய குச்சியாகச் சுட்டார். ஏற்கனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட பொருள் இனி எரிய ஒன்றுமில்லை. ஆகவே காற்றிலேயே வைத்து எரிக்கலாம். வெளிச்சமோ கரி இழையைவிடப் பிரமாதம்.

ஒரே ஒரு தொல்லை. அந்தக் குச்சி குளிர்ந்திருக்கும்போது சாப்பாட்டுத் தட்டு மாதிரிதான், துளி மின்சாரமும் அதில் போகாது. ஆரம்பத்தில் அதற்கு நெருப்புக் காட்டிச் சூடேற்ற வேண்டியிருந்தது. பிறகு சூடேற்ற ஒரு சுருள் கம்பியைப் பக்கத்தில் வைத்தார்கள். சூடேறின பிறகு மின்சாரம் தானாகப் பாயும், குச்சி ஜொலிக்கும். மின்சார விளக்குக்கு நெருப்புக் குச்சி வேண்டும் என்றால் வேடிக்கைதானே! ஆனாலும் ஏ.இ.ஜி. கம்பெனி அந்த உரிமையைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் அந்தக் கம்பெனியின் மண்டபம் நெர்ன்ஸ்ட் விளக்குகளால் ஜொலித்தது. டங்ஸ்டன் இழை வந்ததும் அந்த விளக்கின் கதை முடிந்தது. பீங்கானின் கதை முடியவில்லை.

அந்தப் பீங்கானுக்குள் நடப்பது என்ன? கார்ல் வாக்னர் என்ற இன்னொரு ஜெர்மானியர் 1943-இல் இதை விளக்கினார். மாணவர்களே, உங்கள் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது நாற்காலியிலும் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தால் யாராலும் இடம் மாற முடியாது. நாலு நாற்காலி காலியாக இருந்தால், ஒருவன் நகர, அவன் இடத்துக்கு அடுத்தவன் வர, கடைசி வரிசைக்காரன் முதல் வரிசைக்கே வந்துவிடலாம். சிர்க்கோனியாவில் இட்ரியத்தைச் சேர்ப்பது அப்படிக் காலி நாற்காலிகளை உண்டாக்கத்தான். ஒவ்வொரு இரண்டு இட்ரியம் அணுவுக்கும் ஓர் ஆக்சிஜன் இருக்கை காலியாகும். ஆனால் தாவிக் குதிக்கத் தெம்பு வேண்டுமே, அந்தத் தெம்பைத் தருவது சூடு. சூடு இல்லாவிட்டால் நாற்காலி காலியாக இருந்தும் எவரும் அசைய மாட்டார்.

பீங்கான் தட்டின் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் எரிவாயு. காற்றுப் பக்கத்து ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு பீங்கானுக்குள் புகுந்து, இருக்கை தாவித் தாவி மறுபக்கம் போகும். அங்கே ஹைட்ரஜனோடு கூடி நீராவியாகும். கொண்டுவந்த எலெக்ட்ரான்களை இறக்கிவிடும். அந்த எலெக்ட்ரான்கள் வந்த வழியே பீங்கானுக்குள் திரும்ப முடியாது. ஆகவே வெளியே உள்ள கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். போகிற வழியில் நம் விளக்கை ஏற்றிவிட்டுப் போகும். இதற்குத் திட ஆக்சைடு எரிபொருள் கலம் என்று பெயர்.

1937-இல் சுவிட்சர்லாந்தில் எமில் பௌர், ஹன்ஸ் பிரைஸ் என்ற இருவர் நெர்ன்ஸ்டின் பீங்கானை வைத்து இப்படி ஒரு கலத்தை முதன்முதலாக ஓட்டிக் காட்டினார்கள். சூடு எவ்வளவு? ஆயிரம் டிகிரி செல்சியஸ்! தண்ணீர் கொதிக்க 100 டிகிரி போதும் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தச் சூட்டில் நன்மையும் உண்டு. பிளாட்டினம் வேண்டாம், நிக்கல் போதும். சுத்தமான ஹைட்ரஜன்தான் வேண்டும் என்ற பிடிவாதமும் இல்லை. இயற்கை எரிவாயு, சாணத்திலிருந்தும் ஆலைக் கழிவிலிருந்தும் வரும் வாயு எல்லாவற்றையும் பக்குவப்படுத்தி ஏற்றுக்கொள்ளும். சந்திரனுக்குப் போன அப்பல்லோ கலத்தில் இருந்தது வேறு இனத்து எரிபொருள் கலம். அதற்குத் தூய ஹைட்ரஜனும் தூய ஆக்சிஜனும் வேண்டும். அரசாங்கப் பணத்தில் சந்திரனுக்குப் போகிறவர்களுக்கு அது சரி.

நம் பீங்கான் கலம் கடையில் விற்பனைக்கு வராததற்குக் காரணமும் அதே சூடுதான். எரிகிற சிம்னிக் கண்ணாடியில் ஒரு மழைத்துளி விழுந்தால் 'பட்' என்று வெடிக்கிறதல்லவா? ஒரு பொருளின் ஒரு பாகம் ஒரு மாதிரியும் இன்னொரு பாகம் வேறு மாதிரியும் விரிந்தால் விரிசல் விழும். இந்தக் கலத்தில் நாலைந்து விதமான பொருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஆயிரம் டிகிரிக்கு ஏறி இறங்கும்போது எல்லாம் ஒரே அளவில் விரிந்து சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் எரிவாயு கசிந்து காற்றோடு கலந்துவிடும். ஒரு கலம் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் தரும் என்பதால் பலவற்றை அடுக்கி இணைக்க வேண்டும். இணைக்கும் தகட்டுக்குச் சாதாரண எஃகைப் போட்டால் அந்தச் சூட்டில் செதில் செதிலாக உரிந்துபோகும். ஆகவே லந்தானம் குரோமைட் என்ற விலையுயர்ந்த இன்னொரு பீங்கானைப் போட்டார்கள்.

அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இதில் இறங்கியது. 1962-இல் வெய்ஸ்பார்ட், ருக்கா என்ற இரண்டு விஞ்ஞானிகள் அங்கே செய்த கலத்தைப் பற்றி எழுதினார்கள். பிறகு அந்தக் கம்பெனி தட்டை விட்டுவிட்டுக் குழாய்க்கு மாறியது. ஒரு முனை மூடிய பீங்கான் குழாய். உள்ளே காற்று, வெளியே எரிவாயு. சூடான இடத்தில் ஒட்டுவேலையே இல்லை, கசிவுத் தொல்லையும் இல்லை. நல்ல மூளை! 1990-களின் கடைசியில் நெதர்லாந்தின் வெஸ்டர்வூர்ட் என்ற ஊரில் இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட குழாய்களை வைத்து 100 கிலோவாட் நிலையம் ஒன்றை ஓட்டினார்கள். 16,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. எரிவாயுவின் சக்தியில் 46 சதவீதம் மின்சாரமாயிற்று. சுடுநீர் ஊர் வீடுகளுக்குப் போயிற்று.

அப்படியானால் ஏன் அது ஊர் ஊராகப் பரவவில்லை? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தக் கதைதான். அந்தக் குழாயின் மேல் மெல்லிய பீங்கான் தோலைப் படியவைக்க வெற்றிட உலையும் 1,000 டிகிரிக்கு மேற்பட்ட சூடும் நீண்ட நேரமும் தேவைப்பட்டன. 1998-இல் வெஸ்டிங்ஹவுஸின் மின்நிலையப் பிரிவை சீமென்ஸ் வாங்கியது. விலையைக் குறைக்க அவர்களும் போராடிப் பார்த்துவிட்டுக் கடைசியில் குழாய்க் கலத்தைக் கைவிட்டார்கள்.

இங்கேதான் சரித்திரம் திரும்புகிறது. மேலும் மேலும் உயர்ந்த சரக்கைத் தேடுவதை விட்டுவிட்டுச் சூட்டையே இறக்கினால் என்ன? 800 டிகிரிக்கு வந்தால் எஃகுத் தகட்டைப் போடலாம். 600-க்கு வந்தால் இன்னும் மலிவான எஃகு போதும், ஒட்டுவேலை சுலபம், அடுப்பு மூட்ட எடுக்கும் நேரமும் குறையும். என் அபிப்பிராயத்தில் ஏழை எளியவர்களுக்கு இந்தக் கருவி கிட்டுமா கிட்டாதா என்பது இந்த டிகிரிக் கணக்கில்தான் இருக்கிறது.

ஆனால் சூட்டை இறக்கினால் ஆக்சிஜன் தாவாதே! 1,000 டிகிரியில் சிர்க்கோனியாவில் ஓடும் ஓட்டம் 700 டிகிரியில் பத்தில் ஒன்றிரண்டு பங்காகக் குறைந்துவிடும். முதல் உபாயம், நடக்க வேண்டிய தூரத்தைக் குறைப்பது. பீங்கான் தோலை நோட்டுப் புத்தகத் தாளின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லியதாக்கினார்கள். அவ்வளவு மெல்லிய பீங்கான் தானாக நிற்காது. ஆகவே எரிவாயுப் பக்கத்து நிக்கல் கலந்த தட்டைக் கனமாகச் செய்து, அதன் மேல் இந்தத் தோலைப் பூசிச் சுட்டார்கள். ஜெர்மனியின் யூலிக் ஆராய்ச்சி நிலையம் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. இதற்கென்றே பீங்கானோடு ஒத்து விரியும் குரோமியம் கலந்த எஃகு ஒன்றும் அங்கே உருவானது.

குரோமிய எஃகு என்றதும் புது வம்பு. சூட்டில் குரோமியம் ஆவியாகி, காற்றுப் பக்கத்து மின்முனையில் படிந்து அதைக் கெடுத்துவிடும். எஃகுக்கு மேல் காப்புப் பூச்சுப் பூசி அதைத் தடுத்தார்கள். இது எவ்வளவு காலம் தாங்கும் என்று யாராவது கேட்டால் வாயால் சொல்லிப் பயனில்லை. ஓட்டித்தான் காட்ட வேண்டும். யூலிக் நிலையத்தார் 2007 ஆகஸ்ட்டில் ஒரு சிறிய அடுக்கை 700 டிகிரியில் ஓடவிட்டார்கள். அது 2019 ஜனவரி வரை, பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஐந்தாம் படிவத்தை முடிக்கிற காலம்! போகப் போகச் சக்தி குறைந்தது என்றாலும் இறுதி வரை உயிரோடிருந்தது. வெற்றி விழாப் பேச்சுகளைவிட இந்த மாதிரிப் பொறுமைக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

இரண்டாவது உபாயம், பீங்கானையே மாற்றுவது. ஜப்பானில் இஷிஹாரா என்பவர் 1994-இல் லந்தானம், காலியம் கலந்த ஒரு பீங்கானைக் கண்டார். அதில் ஆக்சிஜன் இன்னும் வேகமாகத் தாவியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்டீல் என்ற பேராசிரியர் சீரியம் ஆக்சைடோடு கடோலினியத்தைக் கலந்து பார்த்தார். இது 500, 600 டிகிரியிலேயே நன்றாக வேலை செய்யும். அதற்கு மேல் சூடேற்றினால்தான் கோளாறு. எரிவாயுப் பக்கத்தில் கெட்டு எலெக்ட்ரானையும் உள்வழியாக விட்டுவிடும். அப்புறம் விளக்குக்கு என்ன மிஞ்சும்? 2001-இல் அந்த ஆராய்ச்சியிலிருந்து சீரீஸ் பவர் என்ற கம்பெனி பிறந்தது. துளையிட்ட எஃகுத் தகட்டின் மேல் பீங்கானைச் சாயம் மாதிரி அச்சிட்டுச் சுடுவது அவர்கள் முறை. எஃகு தாங்கி நிற்பதால் பீங்கான் சுலபத்தில் நொறுங்காது. அவர்களோடு 2018-இல் கைகோத்த ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 2025-இல் விலகிக்கொண்டது. அதே ஆண்டில் தென் கொரியாவின் டூசான் கம்பெனி அதே முறையில் பெருமளவு உற்பத்தியைத் தொடங்கியது. வியாபார உலகம் இப்படித்தான், ஒருவர் இறங்க மற்றவர் ஏறுவார்.

நம்மவர் யாராவது இதில் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. கே. ஆர். ஸ்ரீதர் என்பவர் 1982-இல் திருச்சிராப்பள்ளி வட்டாரப் பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று அமெரிக்கா போனவர். அரிசோனா பல்கலைக்கழகத்தில் செவ்வாய்க் கிரகத்துக்காக ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். அங்குள்ள கரியமில வாயுவைச் சூடான பீங்கான் வழியாகப் பிரித்து ஆக்சிஜன் எடுப்பது திட்டம். அதாவது நம் கலத்தைத் தலைகீழாக ஓட்டுவது. 1999-இல் இரண்டு செவ்வாய்க் கலங்கள் தோற்றுப் போனதால் அந்தப் பயணம் ரத்தானது. ஸ்ரீதர் கருவியைப் பூமிக்குத் திருப்பினார்! 2001-இல் கம்பெனி தொடங்கினார். பின்னாளில் அதன் பெயர் புளூம் எனர்ஜி. (செவ்வாயில் ஆக்சிஜன் எடுக்கும் வேலையை 2021 ஏப்ரலில் நாசாவின் மோக்ஸி என்ற வேறொரு கருவி செய்து காட்டியது. 2023 வரை மொத்தம் 122 கிராம் எடுத்தது.)

2010-இல் புளூம் பெட்டியை உலகுக்குக் காட்டினார்கள். 100 கிலோவாட் பெட்டி 7 இலட்சம், 8 இலட்சம் டாலர். கூகுள் மாதிரி பெரிய கைகள் வாங்கின. இன்னும் ஐந்து பத்து ஆண்டுகளில் வீட்டுக்கு ஒரு பெட்டி 3,000 டாலருக்கும் குறைவாக வரும் என்று ஸ்ரீதர் அப்போது நம்பிக்கையோடு சொன்னார். பத்தாண்டு கடந்தும் அந்த வீட்டுப் பெட்டி வரவில்லை. அவருடைய கலம் 800 டிகிரிக்கு மேல் ஓடுவது. பெரிய கட்டடங்களுக்கும் கணினிக் கூடங்களுக்கும் அது நன்றாக விற்கிறது. திருச்சியில் படித்தவர் என்பதற்காக அந்த 3,000 டாலர் கணக்கை நான் மறைக்க மாட்டேன்.

வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர்கள் ஜப்பானியர். எனே-ஃபார்ம் என்ற பெயரில் வீட்டு எரிபொருள் கலங்கள் 2009 முதல் விற்பனையாகின்றன. 2011-இலிருந்து பீங்கான் வகையும் சேர்ந்தது. 700 வாட், கூடவே குளிக்க வெந்நீர். தொடக்கத்தில் விலை ஏறக்குறைய 27 இலட்சம் யென். அரசாங்கம் உதவிப் பணம் கொடுத்தது, படிப்படியாக விலை இறங்கியது. ஆனாலும் அது ஜப்பானிய வீட்டுக்காரரின் விலை.

நம் நாட்டில் எனக்குத் தெரிந்தவரை இதற்குப் பொருத்தமான இடம் செம்பனை ஆலைதான். ஆலைக் கழிவுக் குட்டைப் பக்கம் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். குட்டையிலிருந்து எழும் வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன், நல்ல எரிபொருள். பல ஆலைகள் அதைப் பிடித்து இஞ்சினில் எரிக்கின்றன. பீங்கான் கலத்துக்கும் அது தீனியாகும். ஆனால் அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான கந்தக வாயு நிக்கலுக்கு விஷம். கொஞ்சம் போனாலும் கலம் சோர்ந்துவிடும். முதலில் அதைக் கழுவி எடுக்க வேண்டும், அதற்கும் செலவு. பாங்கியில் மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் எரிபொருள் கலத்துக்கென்றே ஓர் ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. சூடு குறைந்த பீங்கான் கலங்களைப் பற்றிய ஆராய்ச்சியும் அங்கே நடக்கிறது. அறிவியலில் நாட்டமுள்ள பிள்ளைகள் அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். பேராக் ஈயச் சுரங்கங்களில் ஈயம் எடுத்தபின் மிஞ்சிய 'ஆமாங்' மணலில் சிர்க்கோனியமும் இட்ரியமும் இருக்கின்றன என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

சூடு இறங்கும் கதை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்சிஜனுக்குப் பதிலாக அதைவிட மிகச் சிறிய புரோட்டானை நடக்கவிட்டால் என்ன என்பது புது யோசனை. அப்படி நடக்கவிடும் பீங்கானை ஜப்பானியர் இவஹாரா 1981-இல் கண்டார். 2015-இல் அமெரிக்காவின் கொலராடோ சுரங்கக் கல்லூரியார் அத்தகைய கலத்தை 500 டிகிரியில் நன்றாக ஓட்டினார்கள். 2025 ஆகஸ்ட்டில் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த செய்தி, 300 டிகிரியிலேயே புரோட்டான் வேகமாக நடக்கும் பீங்கான் தயார் என்பது. அவர்கள் செய்ததில் ஒரு வகை, பேரியத்தையும் நம் ஊர் சுரங்கத்தில் எடுத்தோமே அந்த ஈயத்தையும் கொண்டது. அதில் ஸ்காண்டியம் என்ற இன்னொரு உலோகத்தைத் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். ஸ்காண்டியம் மலிவான சரக்கு அல்ல. இப்போதைக்கு அது ஆராய்ச்சிச் சாலை மேசை மேல் இருக்கும் ஒரு சின்ன வில்லை. அதைப் பெரிய தட்டாகச் சுட்டு, எஃகோடு சேர்த்து அடுக்கி, யூலிக் நிலையத்தார் மாதிரி ஆண்டுக்கணக்கில் ஓட்டிப் பார்க்கும் வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும்.